ஞாயித்துக்கெழமைத் தண்ணி

வண்டியை அங்க வெயில்ல போடாதீங்க தம்பி, இப்படி வேம்பு நெழல்ல ஒதுக்கிப் போட்டுக்கங்க. உங்க பார்ட்டி வெளிய வர எப்படியும் நேரமாகும். தோட்டத்தைச் சுத்திக் காட்டி, பீப்பாயைக் காட்டி, நாலு கிளாசுல ஊத்திக் குடுத்து, ஒவ்வொரு கிளாசுக்கும் ஒரு கதை சொல்லித்தான் விடுவாய்ங்க. டிரைவருக்கு அந்தப் பாக்கியம் கெடையாது. எனக்கும் கெடையாது. இந்தப் பழப்பெட்டியைக் கவுத்துப் போட்டு உக்காருங்க, ஒடையாது.

வாட்ச்மேனா? இல்ல தம்பி. அப்படித்தான் எல்லாரும் கேக்குறாக. போன வாரம் ஒரு கார்க்காரரு, கேட்டைத் தொறக்க நேரமாச்சுன்னு என்னையப் போட்டு வஞ்சுட்டுப் போறாரு. நானும் வாங்கிக்கிட்டு நிக்கிறேன். இந்தத் தோட்டம் எங்கப்பா எனக்கு எழுதிக் குடுத்தது. எம்பேரு சவரியப்பன். உள்ள வெளக்கம் சொல்லிக்கிட்டிருக்கானே கிளமெண்டு, அவன் எம்மகன். அவன் கூட ஒரு பொம்பளைக் கொரலு கேக்குதா, அது எங்க வீட்டம்மா லூர்து. மூணு வருசமா நான் அவகிட்ட நேரா பேசுறதில்ல. காபி வேணும்னா செவத்தைப் பாத்துக் கேப்பேன், வந்துரும்.

ஏன்னு நீங்க கேக்கல. கேக்கலைன்னாலும் நான் சொல்லத்தான் போறேன், நீங்களும் எங்க போகப் போறீங்க.

கம்பம் ரோட்டுல வந்தீங்கள்ல, ரெண்டு பக்கமும் பந்தல் பாத்திருப்பீங்க. பன்னீர் திராட்சை. அந்தப் பழத்துக்கு இந்தப் பக்கம் நான் பேரு போனவன். சும்மா சொல்லல, யாரை வேணும்னாலும் கேளுங்க. வியாபாரி வந்தான்னா எந்தோட்டத்துக் குலையைத் தராசுல வைக்கிறதுக்கு முன்னாடி கையில தூக்கிப் பாத்துச் சிரிப்பான். அதுக்குப் பெரிய வித்தையெல்லாம் ஒண்ணுமில்ல. தண்ணிதான். எப்ப விடணும், எவ்வளவு விடணும்னு எனக்குத் தெரியும். மண்ணை ஒரு கை அள்ளி அமுக்கிப் பாத்தாப் போதும், கொடிக்கு என்ன வேணும்னு சொல்லிருவேன். கொடி வாய் விட்டுக் கேக்குற வரைக்கும் நான் விட்டதே இல்ல.

கிளமெண்டு வடக்க நாசிக் பக்கம் ஒரு ஒயின் ஆலையில வேலை பாத்தான். கொஞ்ச வருசம் கழிச்சு வந்து, அப்பா நம்ம தோட்டத்துல சிரா போடலாம்ப்பான்னான். சிரான்னா என்னடான்னு கேட்டேன். ஒயினுக்குன்னே உள்ள கருப்புத் திராட்சை, பழம் சிறுசு, திங்கிறதுக்கு ஆகாதுன்னான். திங்க ஆகாத பழத்தை எவன்டா வளப்பான்னேன். கேட்டேனே ஒழிய மறுக்கல. ஒத்தப் புள்ளை. எங்கயோ வடக்க கெடந்தவன் வீட்டோட வந்து இருக்கேங்கிறான். அரை ஏக்கர் பந்தலை மட்டும் எனக்கு விட்டுட்டு மிச்சத்தைப் பிரிச்சுக்கடான்னுட்டேன். பிரிச்சதும் எங்கையாலதான். காய்ச்சுக்கிட்டிருந்த கொடியை வேரோட புடுங்குனேன் தம்பி, எம்மகனுக்காக. அதை மட்டும் நீங்க மனசுல வச்சுக்கங்க.

மருந்து அடிக்கக் கூடாது, மூட்டை உரம் போடக் கூடாது, எல்லாம் இயற்கைன்னான். அதுல எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்ல. சாணி, கோமியம், வேப்பம்புண்ணாக்கு, மீன் கழிவை வெல்லத்துல ஊற வச்சது, எல்லாத்தையும் நான்தான் கலக்குவேன். அந்த நாத்தத்தோட வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு லூர்து என்னைய வெளிக்குழாயிலயே குளிக்க வச்சு, மோந்து பாத்துத்தான் உள்ள விடுவா. அப்பெல்லாம் சிரிப்பும் கேலியுமாத்தான் இருந்தோம்.

ஆனா இந்தச் சிரா நம்ம கொடி மாதிரி பந்தல்ல படுக்காது. கம்பியில வரி வரியா நிக்கும், வேலி போட்ட மாதிரி. வெயில்லயே நிக்கணுமாம். சரி, அதோட சாதி அப்படின்னு விட்டுட்டேன். மொத மொதல்ல நல்லாக் காய் புடிச்ச வருசம் இன்னொண்ணு செஞ்சான். காய் பட்டாணி பருவத்துல நிக்கிது, பாக்கவே கண்ணு நெறைஞ்சிருச்சு. தோட்ட வேலைக்கு வர்ற செல்லக்கண்ணும் கூட வேலை பாக்குற பொம்பளைகளும் கத்திரியோட வந்து நிக்கிறாக. ஒரு கொப்புல ரெண்டு குலை இருந்தா ஒண்ணை வெட்டிக் கீழ போடுங்கக்காங்கிறான். வெட்டுறாக தம்பி. பச்சைக் காய். பாதி வெள்ளாமை மண்ணுல கெடக்கு. மிச்சக் குலைக்குச் சத்துச் சேரணுமாம். செல்லக்கண்ணு எம்மூஞ்சியப் பாக்கவே இல்ல. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. இருந்தாலும் வாயைத் தொறந்தேனா? தொறக்கல. நான் எதுக்கெடுத்தாலும் சண்டைக்குப் போற ஆளு இல்ல.

அப்புறம் காய் நெறம் மாறுச்சு. நெறம் மாறவும் தண்ணியைக் கொறைச்சான். கொறைச்சுக் கொறைச்சு ஒரு நாள் சுத்தமா நிறுத்திட்டான்.

அந்த வருசம் நல்ல மழை. கெணத்தை எட்டிப் பாத்தா நம்ம மூஞ்சி தெரியுது, அவ்வளவு மேல கெடக்கு தண்ணி. இங்க கொடி எலையெல்லாம் சுருண்டு தொங்குது. டேய், தண்ணி விடுறான்னேன். இப்ப விட்டா பழம் ஊதிப் போகும்ப்பா, தாகமா இருந்தாத்தான் இனிப்பு ஏறும், மணம் ஏறும், அப்பத்தான் ஒயின் ஒயினா வரும்னான். பொறுமையாத்தான் சொன்னான். அதுதான் எனக்கு எரிச்சல். கோவமாச் சொல்லியிருந்தா நானும் பதிலுக்குக் கோவப்பட்டிருப்பேன். பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்றான். அதுவும் தண்ணியைப் பத்தி.

சிலுவையில தொங்குனவரே கடைசியில தண்ணிதான கேட்டாரு. கெணறு நெறையத் தண்ணிய வச்சுக்கிட்டு, வளத்த கொடியைத் தாகத்துல நிறுத்துறது என்ன ஞாயம்? இதை நான் ஃபாதர் கிட்டயே கேட்டேன். அவரு சிரிச்சுட்டு, ஒயினு நல்லாருந்தா பூசைக்கு ஒரு பாட்டில் குடுங்கன்னுட்டுப் போயிட்டாரு.

பொறுத்துப் பாத்தேன். முடியல. ஒரு ஞாயித்துக்கெழமை முழங்கால் வலிக்குதுன்னு சொல்லிப் பூசைக்குப் போகல. வலி நெசந்தான், கொஞ்சம் கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான். எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டாக. தோட்டத்துல நானும் கொடியும் மட்டும். மோட்டாரைப் போட்டு வால்வைத் தொறந்தேன். ஒரே ஒரு வரிக்கு விட்டுட்டு நிறுத்திரணும்னுதான் நெனச்சேன். ஒரு வரி குடிக்குது, பக்கத்து வரி பாத்துக்கிட்டு நிக்கிது, மனசு கேக்குமா? எல்லாத்துக்கும் விட்டேன். விட்டுட்டு காஞ்ச எலையை அள்ளி ஈரத்து மேல பரப்புனேன். மறைக்கிறதுக்குன்னு நெனைக்காதீங்க. மூடாக்குன்னு பேரு, ஈரம் காயாம இருக்கச் செய்றது. இயற்கை வெவசாயத்துல அது ஒரு மொறை, அவனே எனக்குச் சொல்லிக் குடுத்ததுதான்.

அடுத்த ஞாயிறும் விட்டேன். அதுக்கடுத்த ஞாயிறும் விட்டேன். முழங்கால் வலிக்கு லூர்து தைலம் தேச்சு விட்டா.

பழம் எப்படி வந்துச்சுங்கிறீங்க. குண்டு குண்டா, தோலு பளபளன்னு, எடுத்துக் கண்ணுல ஒத்திக்கலாம். அதைப் பாத்து இவன் சந்தோசப்படணுமா இல்லையா? அதான் இல்ல. குழாய் மாதிரி ஒரு மீட்டரு வச்சிருக்கான், பழச்சாறு ஒரு சொட்டை அது மேல விட்டு வெளிச்சத்துல கண்ணை வச்சுப் பாப்பான். பாத்துட்டு, ஏற மாட்டேங்குதே, எறங்குதேன்னு பொலம்புறான். இனிப்பைச் சொல்றான். சொட்டுநீர் டியூப்பு எங்கயோ ஒழுகுதுன்னு வரி வரியா மண்ணைத் தோண்டிப் பாத்தான். நாத்து குடுத்தவனுக்குப் போன் போட்டுச் சண்டை புடிச்சான். கடைசியில அவனுக்கு அவன் மேலயே சந்தேகம் வந்துருச்சு. எம்பக்கத்துல வந்து உக்காந்து, எனக்குத்தான்ப்பா ஒண்ணும் தெரியல போல, நல்லா இருந்த உங்க பந்தலையும் பிரிக்க வச்சுட்டேனேன்னு அழுதான். நான் முதுகைத் தடவிக் குடுத்தேன். ஒரு தகப்பன் வேற என்ன தம்பி செய்ய முடியும்?

இந்த நெலமையில ஒரு ஞாயிறு, பூசையில தலை சுத்துதுன்னு லூர்து பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டா. நான் வரிக்கு நடுவுல நிக்கிறேன், கை நெறையக் காஞ்ச எலை. டியூப்பெல்லாம் சொட்டிக்கிட்டிருக்கு. பாத்தா. எலையப் பாத்தா, ஈரத்தைப் பாத்தா, எங்காலைப் பாத்தா. உள்ள போய் ஒலையை வச்சா. அன்னைக்குக் கறிக்கொழம்பு. எனக்குப் புடிச்ச நெஞ்செலும்பாத் தேடி எடுத்துப் போட்டா.

நான் என்ன நெனைப்பேன்? நீங்களே சொல்லுங்க. வெவசாயக் குடும்பத்துல பொறந்தவ, கொடி வாடுறதைப் பாத்து அவளுக்கும் மனசு எளகியிருக்கும், நம்ம பக்கந்தான் நிக்கிறான்னு நெனச்சேன். அவ்வளவு நிம்மதியா நான் தூங்கி ரொம்ப நாளாயிருந்துச்சு.

அடுத்த ஞாயிறு எல்லாரும் கெளம்புன பின்னாடி போறேன், மோட்டார் ரூமுல பூட்டுத் தொங்குது. புதுப் பூட்டு.

எங்கப்பா வெட்டுன கெணறு தம்பி அது. அந்தக் கெணத்து மண்ணை நான் சின்ன வயசுல தலையில சொமந்து கொட்டியிருக்கேன். என்னைய வெளிய நிறுத்திப் பூட்டுப் போட்டா எப்படி இருக்கும்? கல்லை எடுத்து ஒடைக்கலாம்னு பாத்தேன். எதுக்கு ஒடைக்கணும், போட்டவனையே கேப்போம்னு நேரா கோயிலுக்கு நடந்தேன். முழங்கால் வலியெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல.

நான் போகவும் பூசை முடிஞ்சு சனம் வெளிய வரவும் சரியா இருந்துச்சு. கிளமெண்டு யாருகிட்டயோ பேசிக்கிட்டு நின்னான். சட்டையைப் புடிச்சுட்டேன். எம்மோட்டார் ரூமைப் பூட்ட நீ யாருடா, ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நான் கொடிக்குத் தண்ணி விட்டா ஒனக்கு எங்கடா வலிக்குதுன்னு கேட்டேன். ஊரே நின்னு பாக்குது. அவன் முழிக்கிறான். என்ன பூட்டுப்பாங்கிறான். நடிக்கிறான்னு நெனச்சேன், இன்னும் சத்தம் போட்டேன். எந்த ஞாயிறுல இருந்து விடுறேன், எந்தெந்த வரிக்கு எவ்வளவு நேரம் விட்டேன், ஒண்ணு விடாமச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் மூஞ்சி மாறிக்கிட்டே வருது. வெக்கப்படுறான் போல, படட்டும்னு நெனச்சேன்.

அப்பத்தான் லூர்து கூட்டத்தை வெலக்கிக்கிட்டு வந்தா. கழுத்துல மாதா படம் கோத்த உத்தரியக் கயித்தோட ஒரு சாவி தொங்குது. பூட்டு நான் போட்டதுன்னா. எங்கையை அவன் சட்டையில இருந்து எடுத்து விட்டா. இவனுக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க இப்பச் சொல்ற வரைக்கும் தெரியாதுன்னா.

பாத்தீங்களா கதையை? மகன்தான் எனக்குத் துரோகம் பண்ணிட்டான்னு நான் நடு ஊருல நின்னு கத்துறேன், கழுத்தறுத்தது கட்டுனவ. அவ மட்டும் அந்தப் பூட்டைப் போடாம இருந்திருந்தா நான் கோயிலுக்குப் போயிருப்பனா? போகாம இருந்திருந்தா இவனுக்குத் தெரிஞ்சிருக்குமா? தெரியாம இருந்திருந்தா இன்னைக்கு நான் இப்படி கேட்டுக்கு வெளிய உக்காந்திருப்பனா? எல்லாம் அந்தப் பூட்டால வந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன், ஏன்டி எங்கிட்டச் சொல்லாமப் பூட்டுனேன்னு. சொன்னா மல்லுக்கு நிப்பீங்க, பூட்டைப் பாத்தா புரிஞ்சுக்கிட்டுப் பேசாம வந்துருவீங்கன்னு நெனச்சேன், நம்ம ரெண்டு பேரோட போயிருக்கும்னா. எங்கிட்டச் சொல்லாம ஒரு காரியம் செஞ்சுட்டு, அதுக்கு இது ஒரு சமாதானம். அதோட நான் அவகிட்டப் பேச்சை நிறுத்துனேன். அவ்வளவு வருசம் ஒண்ணா இருந்தவ ஒளிச்சு மறைச்சு ஒரு வேலை பாத்தா, அதுக்கப்புறம் என்ன பேச்சு வேண்டியிருக்கு?

கிளமெண்டு வஞ்சிருந்தான்னா ஆறியிருக்கும். வையல. அவங்கம்மாகிட்டச் சாவியை வாங்கி எங்கையில வச்சான். இந்த வருசம் இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுப்பா, உங்க இஷ்டம் போல விடுங்கன்னான். நான் வாங்கல. சாவி இன்னைக்கு வரைக்கும் அவ கழுத்துலதான் கெடக்கு. அந்தப் பழம் ஒயினுக்கு ஆகலையாம். எவ்வளவு அழகான பழம். சந்தைக்கு ஏத்துனோம், வியாபாரி ஒண்ணை வாயில போட்டுட்டு, என்ன சவரியண்ணே ஒரே வெதையா இருக்குன்னு துப்பிட்டான். மிச்சத்தை இவன் காடியா, அதான் வினிகரா, ஆக்குனான். மொதல் ஒயினுன்னு லேபிளெல்லாம் அடிச்சு வச்சிருந்தான், அது அப்படியே அட்டைப்பெட்டியில கெடந்துச்சு. என் மேல ஒரு வார்த்தை சொல்லலையே. அப்பக் கூட அவன் மனசுல இருக்குறதை எங்கிட்டச் சொல்லல பாருங்க.

அதுக்குப் பின்னாடி நல்லாத்தான் போகுது. கார்கள் வருது, மதுரை, கோயமுத்தூரு, எங்கிருந்தெல்லாமோ வருது. நான் சிரா பக்கம் கால் வைக்கிறதில்ல. எம்பந்தல் அரை ஏக்கர், அது என் ராச்சியம்.

இந்த வருசம் மழை ஏமாத்திருச்சு. கெணறு அடியில கெடக்கு. இங்கருந்தே பாருங்க அந்தச் சிராவை. பழம் பறிச்சு ஆலைக்குப் போயாச்சு. கவாத்து வெட்டி, புதுத் துளிர் வந்திருக்கு. துளிர் வர்ற நேரம் தண்ணி குடுத்தே ஆகணும்ப்பா, இப்ப வர்ற கொப்புலதான் அடுத்த வருசத்துக் காய் இருக்குன்னு முன்னாடி அவன் வாயாலயே சொல்லுவான். பழம் இருக்கறப்பத் தாகம் வேணும்னான், சரி. இப்பப் பழமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, எதுக்குப் பட்டினி போடுறான்? அந்தா மொத வரி, துளிரு நுனியெல்லாம் கருகிக்கிட்டு வருது. கடைசி ரெண்டு வரி காஞ்சே போச்சு. கொடியை வாட்டுறதே அவனுக்குப் பழக்கமாப் போச்சு. எனக்கு வயிறு எரியுது தம்பி, ஆனா நான் கேக்கல. கேட்டா பழைய கதையை மறுபடி ஆரம்பிக்கணும்.

நேத்துக் காலைல அவன் அந்த வரியில குத்தவச்சு, ஒரு துளிரை வெரல்ல தாங்கிப் பாத்துக்கிட்டிருந்தான். லூர்து பக்கத்துல நின்னா. ஏதோ பேசிக்கிட்டிருந்தாக. நான் வரவும் பேச்சு நின்னுருச்சு. எப்பவும் அப்படித்தான். நான் வந்தாப் பேச்சு நின்னுரும்.

எம்பந்தலா? அதுக்கென்ன கொறை. அந்தா பச்சையாத் தெரியுதே, அதுதான். குலை எறங்கி நிக்கிது, இன்னும் கொஞ்ச நாள்ல பறிக்கலாம். இந்தச் சுத்து வட்டாரத்துல இந்த வருசம் பன்னீர் வாடாம நிக்கிறது எம்பந்தல் ஒண்ணுதான், வியாபாரியே வந்து ஆச்சரியப்பட்டுட்டுப் போறான். கைராசின்னான். தண்ணியா? வருதே. தெனம் காலைல வருது. நான் போய் யாருகிட்டயும் கேக்குறதில்ல. அவளா வந்து ரூமைத் தொறந்து மோட்டாரைப் போட்டு விட்டுட்டுப் போவா, நான் இந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவேன். கொஞ்ச நேரம் ஓடும். அப்புறம் மோட்டார் காத்தை இழுக்கும், அணைச்சுருவா.

அப்புறம் என்ன, அவ்வளவுதான். மறுநா ஊறுனாத்தான் உண்டு.

இல்ல தம்பி, வேற போர் எல்லாம் கெடையாது. ஒரு கெணறுதான். இருக்குறது அவ்வளவுதான்.

சிராவுக்கு எங்கருந்து விடுறதுன்னா கேக்குறீங்க.

இருங்க. ஒரு நிமிசம் இருங்க. ஊறுறது பூராவும் எம்பந்தலுக்கா வருது.

கடைசி ரெண்டு வரியும் அவன் நாசிக்கில இருந்து மடியில வச்சு எடுத்துட்டு வந்த நாத்து தம்பி. ஈரச்சாக்கு சுத்தி, ரயில்ல தூங்காம எடுத்துட்டு வந்தான்.

உங்க பார்ட்டி வர்றாக பாருங்க, வண்டிய எடுங்க. அவுகளை வழியனுப்ப வாசல்ல நிக்கிறானே, அவன்தான் கிளமெண்டு. திரும்பிப் பாக்காதீங்க, இங்கதான் பாக்குறான். எங்கண்ணுல தூசி விழுந்துருச்சு, வேற ஒண்ணுமில்ல. நான் சொன்னேன்ல தம்பி, பாத்தீங்களா, இதையும் ரெண்டு பேரும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமத்தான் செஞ்சிருக்காய்ங்க.